பரியும் கவறும்

புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ் இரண்டு காரணங்களால் பெயர் பெற்ற ஊர். மராட்டிய நாட்டின் பக்திப் பெருங்கவி துக்காராமின் அன்னை கனகாயி பிறந்த ஊர் இது என்பது வழிவழி வந்த மரபு. தேஹூவிலிருந்து அவர் அடிக்கடி இங்கு வந்து கீர்த்தனம் செய்தார் என்று ஊரார் இன்றும் பெருமையுடன் கூறுவர். பம்பாயின் வான்காப்புக்கென 1939இல் இங்கு அமைந்த விமானத் தளம் மற்றொரு காரணம். படைப்பணியையும் தொழிற்சாலைப் பணியையும் நாடிப் புனேவுக்கு வந்த தென்னாட்டுக் குடும்பங்களுக்கு இப்பகுதி புதிதன்று.

துக்காராமின் வரலாற்றில் நெஞ்சை விட்டகலாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவருடைய குடும்பம் வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் செய்த குடும்பம். 1630ஆம் ஆண்டை ஒட்டி வந்த கொடும்பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் இழந்த அவர், ஊரார் தம் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த கடன் பத்திரங்களைத் தம்பியுடன் பாகம் பிரித்து, தம் பங்குக்கு வந்தவற்றை இந்திராயணி ஆற்றில் எறிந்துவிட்டார் என்பர்.

அதே புனேயில், கண்டோன்மெண்டுப் பகுதியில், எம்ப்ரஸ் தோட்டத்துக்கு அருகில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் அங்கே பந்தயங்கள் நடைபெறும். மழைக்காலம் முடிந்ததும் பந்தயம் பம்பாய் மகாலட்சுமித் திடலுக்குப் பெயரும். அங்கே செல்வோருள் பெருந்தனவந்தர் சிலர். மாதச் சம்பளக்காரர் பலர். இவர்களுள் பெரும்பாலோர் குதிரையை அறிந்தவர் அல்லர். அவர்கள் சட்டைப்பையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் யாரோ சொன்ன இரண்டு மூன்று குதிரைகளின் பெயர்கள் இருக்கும். ‘டிப்ஸ்’ என்று வழங்கும் அந்தக் குறிப்பை நம்பியே சம்பளத்தில் ஒரு பகுதி கை மாறுகிறது. அந்தத் துண்டுச் சீட்டின் வரலாற்றையும், அதனால் வரும் ஏற்றத் தாழ்வுகளின் உண்மைக் காரணத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நளனும் இருதுபன்னனும்

இவ்வாராய்ச்சிக்கு நம் முன்னோர் ஒரு திறவுகோலைத் தந்துள்ளனர். மகாபாரதத்தில் வருவதும், புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகவும் அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் தமிழில் பாடியதுமான நளன் கதையே அது. கவறாடி நாடிழந்த நளன், உருமாறி வாகுகன் என்னும் பெயருடன் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாகிறான். தமயந்தியின் இரண்டாம் சுயம்வரம் என்ற செய்தி கேட்டு இருவரும் விதர்ப்ப நாட்டுக்குத் தேரில் விரைகின்றனர். அவ்விதர்ப்பம் இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் கிழக்குப் பகுதியே.

வழியில் ஒரு தான்றி மரம். அதன் இலைகளையும் காய்களையும் ஓடும் தேரிலிருந்தே மன்னன் எண்ணிச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்க, கணக்கு சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையே கவறாட்டத்தின் உட்பொருள். வடநூலார் அதனை அட்ச இருதயம் என்பர். நளன் அறிந்ததோ அசுவ இருதயம், குதிரையின் உள்ளத்தை அறியும் வித்தை. இருவரும் ஒன்றுக்கு ஒன்றாக அவற்றை மாற்றிக்கொள்ளும் பேச்சு அங்கே நிகழ்கிறது. கவறின் வித்தை கைவந்த அக்கணமே நளனைப் பற்றியிருந்த கலி அவனை விட்டு நீங்குகிறான்.

இக்கதையில் நாம் கருத வேண்டியது ஒன்று. பரியை அறிதல் வேறு, கவறை அறிதல் வேறு. குதிரையைத் தன் விரல் நுனியில் வைத்திருந்த நளனே கவறாட்டத்தில் தோற்றான். குதிரையறிவு அவனைச் சூதிலிருந்து காக்கவில்லை. எண்ணும் அறிவு வந்த பிறகே அவன் மீண்டான். பந்தயத் திடலுக்குச் செல்பவன் தான் பரியைப் பற்றிய அறிவை விலை கொடுத்து வாங்குவதாக எண்ணுகிறான். அவன் ஆடுவது கவறு. இந்த மயக்கத்தில்தான் டிப்ஸின் வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழகம் கண்ட குதிரை வாணிகம்

தமிழ்நாடு குதிரைக்கு இயல்பான நிலம் அன்று. வெப்பமும் ஈரமும் அதற்கு ஒவ்வா. ஆகவே பழங்காலந்தொட்டு நமக்குக் குதிரை கடல்வழி வந்தது. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் குதிரையையும் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ தரும் செய்தி வியப்புக்குரியது. மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை. பேணத் தெரியாமையால் அவை மடிந்தன என்கிறார் அவர். இலாடம் கட்டுவோரும் குதிரை பேணுவோரும் அங்குச் செல்லாதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிந்தால்தான் மீண்டும் விற்க முடியும் என்பதே அதன் காரணம் என்றும் எழுதுகிறார். விற்பவனிடம் அறிவு இருந்தது. அவ்வறிவு வாங்குபவனிடம் சேராதவரையில்தான் அவனுக்கு வாணிகம். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய இச்செய்தி டிப்ஸ் விற்பனைக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறியாத தமிழர் இலர். குதிரை வாங்கப் பொருளுடன் சென்ற மணிவாசகர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டு, அப்பொருளை இறைபணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். அரிமர்த்தன பாண்டியன் அவற்றின் நடையழகைக் கண்டு மகிழ்ந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. அடியார்க்கு அது அருட்செயல். குதிரையின் தோற்றத்தை மட்டும் கண்டு பொருள் கொடுப்பவனுக்கோ அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

ஆங்கிலேயர் கொணர்ந்த பந்தயம்

கழகம் அமைத்து, விதி வகுத்து, சீட்டு விற்று நடத்தும் பந்தயம் ஆங்கிலேயர் கொணர்ந்தது. கிண்டியில் 1777லேயே பந்தயம் நடந்ததென்பர். பம்பாயில் 1802இல் பந்தயக் கழகம் தோன்றியது. புனேத் திடல் 1830இல் அமைந்தது. சென்னைப் பந்தயக் கழகம் 1896இல் உருவாயிற்று. பம்பாய், புனே ஆகிய இரு நகரங்களிலும் பந்தயம் நடத்தும் கழகம் 1935 முதல் ‘ராயல்’ என்னும் அடைமொழியைப் பெற்றது. தொடக்கத்தில் பெரும்பாலும் அரபுக் குதிரைகளே ஓடின. அவை பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கின. பின்னர் ஆஸ்திரேலியக் குதிரைகளும், ‘தரோபிரெட்’ எனும் ஆங்கிலப் பந்தய இனமும் வந்தன. அவ்வினத்தின் ஆண்வழி மூதாதையராகக் கொள்ளப்படும் மூன்று குதிரைகளும் மேற்காசியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றவையே. இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த குதிரைகளுக்கான டெர்பி 1943இல் பம்பாயில் தொடங்கியபோது, ‘பிரின்சஸ் பியூட்டிபுல்’ என்ற பெண்குதிரை முதல் வெற்றியைப் பெற்றது.

வள்ளுவப் பெருந்தகை சூது என்னும் அதிகாரத்தில் ‘கழகம்’ என்னும் சொல்லைச் சூதாடும் இடம் என்ற பொருளில் ஆளுகிறார். அதே சொல் கற்றோர் அவையையும் குறிக்கும். பந்தயக் கழகம் இவ்விரண்டனுள் எது என்ற கேள்வி, இருபதாம் நூற்றாண்டில் உச்ச நீதிமன்றம்வரை சென்ற கேள்வியாயிற்று.

அதற்கு முன், பந்தய முறையில் நேர்ந்த ஒரு மாற்றத்தை அறிதல் வேண்டும். எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமந்து ஓடினால் வலிய குதிரையே பெரும்பாலும் வெல்லும். பந்தயத்தில் சுவை இராது. ஆகவே வலிய குதிரைக்கு மிகுந்த எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வந்து சேரச் செய்யும் முறை வகுக்கப்பட்டது. இதுவே ‘ஹேண்டிகேப்’. இங்கிலாந்தில் 1855இல் இப்பொறுப்பை ஏற்ற கடற்படைத் தளபதி ஹென்றி ரவுஸ் இதனை ஒரு கலையாகவே வளர்த்தார். குதிரையின் வயதுக்கேற்ப எடையை விதிக்கும் அட்டவணையும் அவர் பெயரால் விளங்குகிறது. இதன் உட்பொருள் என்ன? எந்தக் குதிரை வெல்லும் என்று அறிந்தவர் எவரும் இல்லாதபடி செய்வதே அந்த அதிகாரியின் கடமை. அவர் தம் கடமையில் முழு வெற்றி பெற்றால் பரி கவறாகிவிடுகிறது. அறிவை அறிவே அழித்துச் சமன் செய்யும் இந்த ஏற்பாட்டினிடையேதான் ‘உறுதியான டிப்ஸ்’ விற்கப்படுகிறது.

சமன் செய்யப்பட்டதைக் குலைக்கும் மோசடிகளும் இல்லாமல் இல்லை. 1844ஆம் ஆண்டு எப்சம் டெர்பியில் ‘ரன்னிங் ரெயின்’ என்ற பெயரில் ஒரு குதிரை முதலில் வந்தது. மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரிய அப்பந்தயத்தில் ஓடியது, ‘மக்கபியஸ்’ என்ற நான்கு வயதுக் குதிரை என்பது பின்னர் வழக்கில் வெளியாயிற்று. இரண்டாவதாக வந்த ‘ஆர்லாண்டோ’வுக்கு வெற்றி வழங்கப்பட்டது. மதுரையில் இரவில் வெளிப்பட்ட உண்மை எப்சமில் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. உள்ளிருப்போர் சிலர் அறிந்த இத்தகைய செய்தியே உண்மையான டிப்ஸ். அது காசுக்குத் தெருவில் விற்கப்படும் சரக்கன்று.

சட்டம் கண்ட வழக்கு

பம்பாய் மாகாணத்தில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயத் திடல்களுக்கு உரிமம் வேண்டுமென விதித்தது. 1925இல் பந்தய வரிச் சட்டம் வந்தது. சூதைத் தண்டிக்கும் அரசே பந்தயத்துக்கு விலக்கு அளித்து, அதிலிருந்து வரியும் பெற்றது. சென்னையிலும் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம், 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஆகிய இரண்டும் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு அளித்திருந்தன. 1974இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அவ்விலக்கை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பந்தயத்தால் ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன என்பது அதன் பின்னிருந்த கவலை. பந்தயக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1986இல், எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில், கழகத்தையே அரசு ஏற்கும் சட்டமும் வந்தது.

1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. குதிரைப் பந்தயத்தின் முடிவு பெரிதும் குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே அது திறமை மேலோங்கிய ஆட்டம். அச்சட்டங்கள் கூறும் சூதாட்டம் அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென முடிவாயிற்று. முன்னர் 1957இல் பரிசுப் போட்டிகள் பற்றிய சமர்பாக்வாலா வழக்கில், இதே நீதிமன்றம் இருக்கு வேதத்தின் சூதாடி பற்றிய பாடலையும் மகாபாரதத்தையும் எடுத்துக்காட்டிச் சூதின் தீமையை விளக்கியிருந்தது.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சட்டம் கற்றோர் ஆராயட்டும். நமக்கு வேண்டியது ஒரு வேறுபாடே. பந்தயத்தில் திறமை உண்டு என்பது உண்மை. அத்திறமை குதிரையிடமும், அதன் மேல் அமர்ந்தவரிடமும், வைகறையில் எழுந்து பயிற்சி ஓட்டத்தைக் கடிகாரம் கொண்டு அளப்பவரிடமும் உள்ளது. பிறர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துப் பணம் கட்டுபவரிடம் அது எவ்வாறு வந்து சேரும்? சட்டம் விலக்களித்தது என்பதால் கணக்கு விலக்களிப்பதில்லை.

எண்ணின் ஆட்சி

அக்கணக்கைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஜோசப் ஓலர் என்பவர் பொதுத்தொகை முறையை ஏற்படுத்தினார். கட்டிய பணம் அனைத்தும் ஒரே குவியலில் சேரும். கழகத்தின் பங்கும் வரியும் போக மீதி, வென்ற குதிரையின் மேல் கட்டியவர்களுக்குப் பகிரப்படும். இதனை எந்திரத்தால் கணக்கிடும் ‘டோட்டலைசேட்டர்’ 1913இல் நியூசிலாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் என்பவரால் நிறுவப்பட்டது. நம் நாட்டுத் திடல்களில் ‘டோட்’ என்று வழங்குவது இதுவே.

எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு இருபது முதலிலேயே கழிக்கப்படுவதாகக் கொள்வோம். கூட்டம் முழுவதும் சேர்ந்து ரூ. 100 கட்டினால் திரும்பி வருவது ரூ. 80. அதை அப்படியே அடுத்த பந்தயத்தில் கட்டினால் ரூ. 64, மூன்றாவதில் ரூ. 51.20, நான்காவதில் ரூ. 40.96, ஐந்தாவதில் ரூ. 32.77. ஒருவர் வெல்லலாம், ஒருவர் தோற்கலாம். கூட்டம் ஒரு மாலைக்குள் மூன்றில் இரண்டு பங்கை இழந்தே தீரும். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. மலை மேலும் செங்குத்தாயிற்று.

இனி டிப்ஸ் உண்மையாகவே நல்லதென்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரை நான்கில் ஒருமுறை வெல்லத்தக்கது. அதைச் சிலரே அறிவர். குவியலில் ரூ. 1,00,000 சேர்ந்து, கழிவு போக ரூ. 80,000 பகிரப்படுகிறது. அக்குதிரையின் மேல் ரூ. 10,000 மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்க்கு எட்டு ரூபாய் கிடைக்கும். நான்கில் ஒருமுறை வென்றாலும் இலாபமே. செய்தி பரவி, அதே ஒரு லட்சத்தில் ரூ. 40,000 அக்குதிரையின் மேல் வந்தால் ஒரு ரூபாய்க்கு இரண்டே. நான்கில் ஒருமுறை மட்டும் வெல்லும் குதிரைக்கு அது நட்டம். குதிரை மாறவில்லை, ஜாக்கி மாறவில்லை, டிப்ஸ் பொய்யாகவும் இல்லை. பலர் அறிந்ததாலேயே அது பயனற்றதாயிற்று. பலருக்கும் விற்கப்படும் டிப்ஸ் விற்கப்படுவதனாலேயே தன் மதிப்பை இழக்கிறது. அவ்வாறாயின், உண்மையை அறிந்தவர் ஏன் விற்கிறார்? அவர் தாமே கட்டிப் பொருளீட்டலாமே. இக்கேள்வியைக் கேட்டவர் சீட்டை வாங்கார்.

டிப்ஸ் விற்போர்

இங்கிலாந்தில் ராஸ் பிரின்ஸ் மொனோலுலு என்றொருவர் இருந்தார். தலையில் வண்ண இறகுகளும் உடலில் பட்டாடையும் அணிந்து, தம்மை அபிசீனிய நாட்டு அரச குலத்தவர் என்று கூறிக்கொண்டு, திடல்தோறும் உறையிலிட்ட டிப்ஸ் விற்றார். உண்மையில் அவர் மேற்கிந்தியத் தீவினர். 1920ஆம் ஆண்டு டெர்பியில் பெரிதாக எவரும் மதிக்காத ‘ஸ்பியன் காப்’ என்ற குதிரையை நம்பிப் பெருந்தொகை வென்றதே அவர் புகழுக்கு அடிப்படை. 1965இல் மறையும்வரை அந்த ஒரு வெற்றியின் ஒளியிலேயே அவர் வாணிகம் நடந்தது. ஆயிரம் தோல்விகளை யார் நினைவில் வைத்தார்?

புகழ் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. எட்டுக் குதிரைகள் ஓடும் பந்தயம். ஒருவர் 640 பேருக்கு இலவசமாக டிப்ஸ் அனுப்புகிறார். எண்பது எண்பது பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு குதிரையின் பெயர். எது வென்றாலும் 80 பேருக்கு அவர் சொன்னது பலித்துவிட்டது. மறுவாரம் அந்த 80 பேரைப் பத்துப் பத்தாகப் பிரிக்கிறார். 10 பேர் மீள்கின்றனர். மூன்றாம் வாரமும் அவ்வாறே செய்ய, ஒருவரோ இருவரோ எஞ்சுவர். மூன்று வாரம் தொடர்ந்து பலித்ததைக் கண்ணால் கண்ட அம்மனிதருக்கு எந்த ஐயமும் எழாது. அவர் மனைவியின் வளையலை அடகு வைத்தும் நான்காம் டிப்ஸை விலைக்கு வாங்குவார். விட்டுப்போன 638 பேர் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணத் தெரிந்த இருதுபன்னன் மரத்தின் எல்லா இலைகளையும் எண்ணினான். நாம் நம் கையில் உதிர்ந்த இலையை மட்டும் எண்ணுகிறோம்.

ஏற்றமே இறக்கத்தின் வாயில்

பந்தயத்தில் அழிந்தவர் வரலாற்றை நோக்கின், அழிவு தோல்வியில் தொடங்குவது அரிது. வெற்றியில் தொடங்குவதே வழக்கம். முதல் நாளே தோற்றவன் வீடு திரும்பி வேறு வேலை பார்க்கிறான். முதல் நாள் வென்றவனே திரும்பத் திரும்பச் செல்கிறான். வள்ளுவர் சூதில் பெறும் வெற்றியைத் தூண்டிலில் உள்ள இரும்பை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டது இதனாலேயே. தோல்வியை அவர் அஞ்சியதைவிட வெற்றியை மிகுதியாக அஞ்சினார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூதினை வைத்த அதிகார முறையும் எண்ணத்தக்கது.

வென்ற பணத்துக்கும் தோற்ற பணத்துக்கும் வீட்டில் நேரும் வேறுபாடு ஒன்றும் உண்டு. வென்ற பணம் வீட்டுக்கு வருவதில்லை. அது அடுத்த பந்தயத்துக்கு முதலாகிறது. நண்பருக்கு விருந்தாகிறது. சீட்டு தந்தவருக்கு அன்பளிப்பாகிறது. தோற்ற பணம் மட்டும் வீட்டிலிருந்தே போகிறது. பள்ளிக் கட்டணமாகவும் மளிகைக் கடனாகவும் அதன் சுவடு தெரிகிறது. ஐந்து பந்தயங்களில் தொடர்ந்து வெல்லும் குதிரைகளைச் சொல்லும் ‘ஜாக்பாட்’ ஆசை, சிறுதொகைக்குப் பெருஞ்செல்வம் என்ற கனவைக் காட்டி, இத்தோல்விகளை ‘இன்னும் ஒரு குதிரைதான் தவறியது’ என்று ஆறுதல் கொள்ளச் செய்கிறது. ஒரு குதிரை தவறியவனுக்கும் ஐந்தும் தவறியவனுக்கும் அன்றைய வீட்டுச் செலவு ஒன்றே.

இதனால் பந்தயத்தை நேசிப்போர் அனைவரையும் பழித்தல் முறையன்று. குதிரை வளர்ப்பை ஒரு கலையாகப் போற்றியவர் உளர். செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமி போன்ற தமிழர் அத்துறையில் இந்தியா முழுவதும் புகழ் பெற்றனர். லாயக்காரரும் ஜாக்கியும் பயிற்றுநரும் உழைத்து உண்பவர்கள். ஓடும் குதிரையின் அழகைக் காண்பதில் குற்றமும் இல்லை. குற்றம், அறியாததை அறிந்ததாக எண்ணி அதன்மேல் பிள்ளைகளின் உணவைப் பணயம் வைப்பதில்தான் உள்ளது.

முடிவுரை

திடல்களும் நிலைத்தவை அல்ல. கிண்டித் திடலின் குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் தமிழக அரசு சுமார் 160 ஏக்கர் நிலத்தைத் தன்வசம் எடுத்தது. அவ்வாண்டு ஜூலையில் உதகைத் திடலும் அவ்வாறே ஆயிற்று. திடல் மறைந்தாலும் டிப்ஸ் மறையாது. அது துண்டுச் சீட்டிலிருந்து கைப்பேசிக்கு மாறிவிட்டது. ஆகவே காப்பு, திடலை மூடுவதில் மட்டும் இல்லை; எண்ணக் கற்பதில் உள்ளது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கட்டிய தொகையை ஒரு பக்கத்திலும், வந்த தொகையை மறுபக்கத்திலும், ஒரு பருவம் முழுவதும் ஒன்றும் விடாமல் எழுதினால், அதுவே அட்ச இருதயம். அதை எழுதி முடித்து மனைவியிடம் காட்டத் துணிந்தவரைக் கலி விட்டு நீங்குவான்.

பிறர் பட்ட கடனை ஆற்றில் விட்ட பெரியவரின் தாயூர் லோஹேகாவ். இன்று நமக்காக நம் பத்திரங்களை ஆற்றில் விட ஒருவர் வரப்போவதில்லை. அப்பத்திரங்களை எழுதாதிருப்பது நம் கையில் உள்ளது.